மாடிக்காரர் கேட்ட தண்டனை

உக்காருங்க சார், உக்காருங்க. பெஞ்சு கொஞ்சம் ஆடும், விழாது. உக்காருறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. நீங்க ஹவுஸ் ஓனரா, வாடகைக்காரரா? ஹவுஸ் ஓனர்னா தப்பா எடுத்துக்காதீங்க, நான் எழுந்து அந்தப் பக்கம் நின்னுக்குவேன். அந்தக் கூட்டத்தோட ஒரே பெஞ்சுல உக்காருறதில்லைன்னு வச்சிருக்கேன்.

வாடகைக்காரரா? அப்படிப் போடுங்க! பாத்ததுமே நினைச்சேன். ஹவுஸ் ஓனருக்கு முகத்துல ஒரு மினுமினுப்பு இருக்கும் சார். அடுத்தவன் வயித்தெரிச்சல்ல வளந்த மினுமினுப்பு. உங்களுக்கு அதெல்லாம் இல்ல. காஞ்சு போயிருக்கீங்க, என்னை மாதிரியே. வாங்க, இப்படி ஃபேனுக்கு நேரா வாங்க. சுத்தாது, ஆனா ஒரு திருப்தி.

என் கேஸ் இன்னிக்குத்தான். ஹவுஸ் ஓனர் மேல நானே மனு போட்டிருக்கேன். தண்ணியை நிறுத்தினது, ஒரு ஆணிக்காக ஊரைக் கூட்டினது, ராத்திரி ஒன்பதரைக்கே கேட்டைப் பூட்டுறது, என்னைப் பாக்க வந்த விருந்தாளியை மாடியில தங்க விடாதது, எல்லாத்தையும் பத்தி பத்தியாப் பிரிச்சு எழுதியிருக்கேன். சட்டத்துல எல்லாத்துக்கும் தண்டனை இருக்காம். இருந்து என்ன சார்? போட்டாத்தானே? உள்ள உக்காந்திருக்காங்களே, வாடகைத் தகராறு தீக்கிற ஆபீசரம்மா, அவங்க வாயால இன்னிக்குத் தண்டனையை வரவழைக்காம நான் இந்த வராண்டாவை விட்டு நகர்றதா இல்ல.

யாரு அந்த ஹவுஸ் ஓனர்னு கேக்குறீங்களா? அதோ, தூணுக்குப் பக்கத்துல, மாம்பழக் கலர் சேலை, வேர்க்கடலை தின்னுக்கிட்டு இருக்காளே, அவதான். அய்யோ, அப்படித் திரும்பிப் பாக்காதீங்க சார்! நான்தான் கைகாட்டினேன்னு தெரிஞ்சுடும். மட்டுவார்குழலின்னு பேரு. கடலையை உடைச்சு உடைச்சு எவ்வளவு நிதானமாத் திங்கிறா பாருங்க. கேஸ் நடக்கிற இடத்துல கடலை திங்கிற ஹவுஸ் ஓனரை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? அவ்வளவு தைரியம்.

என்ன சார், ஹவுஸ் ஓனரை அவ இவன்னு பேசுறேனேன்னு முழிக்கிறீங்க? என் சம்சாரம் சார்.

ஆமா, கட்டின பொண்டாட்டிதான். சிரிக்காதீங்க. பொண்டாட்டி வேற, ஹவுஸ் ஓனர் வேற. அதை முதல்ல புரிஞ்சுக்கணும். பொண்டாட்டி மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. தங்கமான மனுஷி. எங்களுக்குப் பேர்ப் பொருத்தம் பாத்தே கட்டி வச்சாங்க. என் பேரு தாயுமானவன். நீங்க திருச்சிதானே? அப்ப உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. மலைக்கோட்டையில சாமி பேரு தாயுமானவர், அம்பாள் பேரு மட்டுவார்குழலி. பொண்ணு பாக்கப் போன இடத்துல பேரைக் கேட்டதும் எங்கப்பா தட்டை மாத்திடலாம்னுட்டாரு. அப்படிப்பட்ட ஜோடி சார் நாங்க. கெடுத்தது எல்லாம் அந்த ஹவுஸ் ஓனர்தான்.

முதல்லேர்ந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு நியாயம் புரியும். உறையூர்ல வீடு. மனை என் மாமனார் அவளுக்குக் கொடுத்தது, பத்திரம் அவ பேருல. கட்டினது நான். கூட்டுறவுப் பண்டகசாலையில சூப்பர்வைசரா இருந்தப்ப லோன் போட்டு, செங்கல் செங்கலா நின்னு பாத்துக் கட்டினேன். ஆக, மனை அவளுது, பத்திரம் அவளுது, வீடு என்னுது. இதுல யாருக்கு என்ன சந்தேகம் வரும் சொல்லுங்க? கீழ பெரிய வீடு, நாங்க ரெண்டு பேரு. பொண்ணைக் கட்டிக் கொடுத்து ஓசூர் அனுப்பியாச்சு. மேல மொட்டைமாடியில ஒரு ரூம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு பாத்ரூம். அதுல லூர்துசாமின்னு ஒருத்தர் குடியிருந்தாரு. வெல்டர். அவர் சம்சாரம் ஸ்டெல்லா, ரெண்டு பொண்ணுங்க. நல்ல மனுஷங்க, ஒண்ணும் சொல்றதுக்கில்ல. நான் ஏதாவது ரூல் போட்டா தலையை ஆட்டுவாரு.

ரூல்னா பெரிசா ஒண்ணும் இல்ல சார். எந்த வீட்டுலயும் இருக்கிறதுதான். காலையில ஒருதரம்தான் தண்ணி ஏறும். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. ஒன்பதரைக்கு கேட் பூட்டு. சொந்தக்காரங்க வரலாம், பகல்ல வந்துட்டுப் பகல்லயே போயிடணும். மீன் குழம்பு வாசனை படி இறங்கக் கூடாது. அவ்வளவுதான். அதையெல்லாம் ஒரு ஒப்பந்தமா நானே எழுதி டைப் பண்ணி வச்சிருந்தேன். நல்லா வந்திருந்தது சார். பண்டகசாலையில எத்தனை சுற்றறிக்கை எழுதின கை!

அப்ப ஒருத்தன் வந்தான். உங்க மொட்டைமாடியில செல்போன் டவர் வைக்கலாம் சார், மாசாமாசம் சும்மா உக்காந்து வாங்கிக்கலாம்னான். டவருக்குத் தண்ணி வேண்டாம், அது ஆணி அடிக்காது, சொந்தக்காரங்க வர மாட்டாங்க. இதைவிட நல்ல வாடகைக்காரர் எங்க கிடைப்பாங்க? அதனால லூர்துசாமியைக் கொஞ்சம் காலி பண்ணுங்கன்னேன். பொண்ணுங்க பரீட்சை முடியட்டும் சார்னாரு. நான் என்ன பண்ணேன், மாடிக்குத் தண்ணி ஏத்துற வால்வை லேசா மூடி வச்சேன். முழுசா மூடல சார், நான் என்ன அரக்கனா? சொட்டுச் சொட்டா வரும். அதுக்குப் போய் அந்த மனுஷன் இந்த ஆபீஸ்ல மனு கொடுத்துட்டாரு.

நான் விடுவேனா? பதில் மனு போட்டேன். வீடு அவ பேருல இருக்கிறதால அவ கையெழுத்து. எதுக்குன்னு கேட்டா, போடுடின்னேன், போட்டா. அதுவரைக்கும் அப்படித்தான் சார், கேட்டதுக்குக் கையெழுத்துப் போடுவா. மனுவுல என்ன எழுதினேன்னா, மாடி எங்களுக்கே சொந்த உபயோகத்துக்கு வேணும், எனக்கு மூச்சிரைப்பு, கீழ காத்தே கிடையாது, மாடியில பிரமாதமான காத்து, டாக்டர் மாடியிலதான் இருக்கணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டாரு. எனக்கு ஒரு இரைப்பும் கிடையாது. இப்பவும் மலைக்கோட்டை ஏறுவேன். ஆனா சொந்த உபயோகம்னு எழுதினாத்தான் நிக்கும்னு ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னாரு.

விசாரணை வந்துச்சு. ஆபீசரம்மா மனுவைப் படிச்சாங்க. என்னைப் பாக்கல சார், அவளைப் பாத்தாங்க. "ஓனர் நீங்கதானேம்மா? மாடி உங்களுக்கு வேணுமா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "அம்மா சொல்லட்டும்"னுட்டாங்க. அவ என்னைப் பாத்தா, கூரையைப் பாத்தா. அப்புறம் மெதுவாச் சொல்றா, "எனக்கு வேண்டாம் மேடம், எனக்கு முட்டி வலி. இவருக்குத்தான் வேணுமாம்."

"அப்ப இவர் மாடிக்குப் போகட்டும். அந்தக் குடும்பம் எங்க போகும்?"

"கீழ ரெண்டு ரூம் சும்மாக் கிடக்கு மேடம். அவங்க கீழ வந்துடட்டும், அதே வாடகைக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா ஒரே நிமிஷம்தான் சார். நான் மூளையில்லாதவனா? அன்னிக்கு ஆனி மாசக் கடைசி நாள். மறுநாள் விடிஞ்சா ஆடி ஒண்ணாந்தேதி. எந்தத் தமிழனாவது ஆடியில வீடு மாறுவானா? கோடி கொடுத்தாலும் சட்டியைத் தூக்க மாட்டான். ஆபீசரம்மா "எப்ப மாறிக்கிறீங்க"ன்னு கேட்டதும், நான் முந்திக்கிட்டு, "நாளைக்கே மேடம், உத்தரவுலயே தேதி போட்டுடுங்க"ன்னேன். கணக்கு என்னன்னா, லூர்துசாமி நாளைக்கு மாற மாட்டாரு. மாறலேன்னா உத்தரவை மீறினவர் ஆயிடுவாரு. அதைச் சொல்லியே வெளியே அனுப்பிடலாம். எப்படி இருக்கு?

அப்ப ஆபீசரம்மா, குடியிருக்கிற எல்லாருக்கும் ஒப்பந்தம் இருக்கணும்னாங்க. உடனே இவ, "அப்ப மாடிக்கு இவர் பேருல ஒண்ணு போட்டுடுங்க மேடம்"ங்கிறா. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். நடக்கவே போறதில்லாத காரியத்துக்கு ஒப்பந்தம் போட்டா என்ன, போடலேன்னா என்ன? நான் டைப் பண்ணி வச்சிருந்ததுலயே லூர்துசாமி பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதினாங்க. பெருமையாக் கையெழுத்துப் போட்டேன் சார். அந்த ஷரத்துங்களைப் படிச்சிட்டு ஆபீசரம்மா, "இதையெல்லாம் யார் எழுதினது"ன்னு கேட்டாங்க. நான்தான்னேன். நல்லாயிருக்குன்னு சொல்லப் போறாங்கன்னு பாத்தேன். ஒப்பந்தம் போட்டாச்சு, ஆனா இதுல பாதி சட்டப்படி நிக்காதுன்னு மட்டும் சொன்னாங்க. பொறாமை.

மறுநாள் காலையில காப்பி குடிச்சிட்டு இருக்கேன், மாடிப்படியில தடதடன்னு சத்தம். லூர்துசாமி பீரோவை இறக்கிக்கிட்டு இருக்காரு! நான் பதறிப் போய், "என்னங்க, இன்னிக்கு ஆடி ஒண்ணு"ன்னேன். மனுஷன் பீரோவைத் தோள்ல வச்சுக்கிட்டே சிரிக்கிறாரு. "எங்களுக்கு ஆடி என்ன சார், ஆவணி என்ன? நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்க."

எனக்கு இது தோணவே இல்ல சார். கழுத்துல சிலுவை போட்டிருக்காரு, வீட்டுல மாதா படம் இருக்கு, கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுப்பாங்க, வாங்கித் தின்னிருக்கேன். இருந்தும் ஆடி எல்லாருக்கும் பொதுன்னு நினைச்சுட்டேன். வெயில் மாதிரி, மழை மாதிரி. அது ஒரு தப்பா? நல்ல மனுஷன் யாரா இருந்தாலும் ஆடியில மாறக் கூடாது.

சரி, அவர் வந்தா வரட்டும், நான் போகாம இருந்துட்டாப் போச்சுன்னு பாத்தேன். என் சட்டை, வேட்டி, சவரப் பெட்டி எல்லாம் ஒரு கட்டைப்பையில வாசப்படிகிட்ட இருக்கு. இவ நிக்கிறா. "என்ன குழலி, ஆடியில யாராவது குடி போவாங்களா"ன்னு கேட்டேன். "நீங்க எங்க குடி போறீங்க? காத்து வாங்கத்தானே போறீங்க"ங்கிறா. ஆடியில புதுசாக் கல்யாணமான ஜோடியைத்தான் பிரிச்சு வைப்பாங்க. எங்களைப் பேரன் பொறந்த பிறகு பிரிச்சாங்க சார். புது வீட்டுக்குப் பால்கூடக் காய்ச்சல. பால் காய்ச்சாத வீட்டுலதான் இந்தப் பங்குனி வரைக்கும் குடியிருக்கேன். எப்படி உருப்படும்?

அன்னிலேர்ந்து நான் அவளுக்கு மாடிக்காரர். ஏங்கன்னு கூப்பிட்ட வாய் சார். இப்ப கீழேர்ந்து, "ஸ்டெல்லா, மாடிக்காரர் மோட்டாரைக் கேட்டா, காலையில போட்டாச்சுன்னு சொல்லு"ன்னு குரல் வரும். சோறு? நான் சாப்பாட்டு நேரத்துக்குக் கீழ இறங்கித் தட்டு முன்னாடி உக்காந்தேன். "ஹவுஸ் ஓனர் சோறு போடணும்னு ஒப்பந்தத்துல இருக்கா?" எடுத்துப் பாத்தேன். இல்ல. என் புத்தியைச் சொல்லணும், அவ்வளவு ஷரத்து எழுதினேன், சோத்தை விட்டுட்டேன். அன்னிலேர்ந்து மெஸ் சாப்பாடு. ரசம் குடிச்சா ரசம் மாதிரியே இருக்காது, சாம்பார் மாதிரி இருக்கும். சாம்பாரைக் கேக்காதீங்க.

ஆடிக் காத்துல கூரை தடதடங்கும், யாரோ மேல ஓடுற மாதிரி. ஐப்பசியில ஒழுகிச்சு. இப்பப் பங்குனி, கேக்கணுமா? ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழ உக்காந்து பாத்தாத்தான் தெரியும் சார், தோசைக்கல் மேல மாவு படுற பாடு. இதுல மனுஷன் குடியிருப்பானா? இப்படி ஒரு ரூமைக் கட்டி வாடகைக்கு விடுறவனைக் கட்டி வச்சு உதைக்கணும். என்ன பாக்குறீங்க? நான் கட்டினேன், சரி. டவருக்குன்னு கட்டல, குடியிருக்கத்தான் கட்டினேன், சரி. ஆனா எனக்குன்னு கட்டலியே!

தண்ணி விஷயம் சொல்றேன் கேளுங்க. ஒரு நாள் உடம்பெல்லாம் சோப்பு போட்டுட்டு நிக்கிறேன், குழாய் குர்ருன்னு ஒரு சத்தம் போட்டுச்சு, நின்னுடுச்சு. பாத்ரூம்லேர்ந்து கத்துறேன், குழாயைத் தட்டுறேன். கண்ணு எரியுது. கீழேர்ந்து பதில், "காலையில ஒருதரம்னுதானே போட்டிருக்கு!" துண்டைக் கட்டிக்கிட்டு, சோப்போட, தெரு பாக்க மொட்டைமாடியில நின்னேன் சார். ஒரு மனுஷனுக்குத் தண்ணி கொடுக்காதது எவ்வளவு பெரிய பாவம்! எந்த நாட்டுலயாவது உண்டா இது? லூர்துசாமி பொண்ணு ஒரு தடவை பள்ளிக்கூடம் போற நேரத்துல தலையெல்லாம் சீயக்காயோட நின்னு அழுதுச்சு. ஆனா அது வேற. அந்தப் பொண்ணு கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருக்கணும்.

ஆணியும் அப்படித்தான். ஒரே ஒரு ஆணி சார், காலண்டர் மாட்ட. சுத்தியல் சத்தம் அடங்கல, மேல வந்துட்டா. முட்டி வலிக்காரி, படியேறி வந்துட்டா! கூடவே ஸ்டெல்லா, லூர்துசாமி, பக்கத்து வீட்டுக்காரம்மா. அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்னா. மாதா படம் மாட்ட லூர்துசாமி ஆணி அடிச்சப்ப நானும் பிடிச்சேன், இல்லேங்கல. அது பெரிய ஆணி.

என் பொண்ணு ஓசூர்லேர்ந்து பேரனோட வந்தா. மாடியில ஒரு நாள் தங்கட்டும்னு ஆசைப்பட்டேன். பகல்ல வந்துட்டுப் பகல்லயே போயிடணும்னு சொல்லி ஹவுஸ் ஓனர் கீழ கூட்டிக்கிட்டுப் போயிட்டா. பேரன் படியில நின்னுக்கிட்டு, "தாத்தா, நீங்க எங்க பாட்டிக்குச் சொந்தமா"ன்னு கேக்கிறான். வாடகைக்கு இருக்கேன்டா கண்ணுன்னேன்.

நான் லூர்துசாமிகிட்டயே போய், வாங்க, ரெண்டு பேரும் சேந்து வாடகைக்காரர் சங்கம் ஆரம்பிக்கலாம், இந்த ஹவுஸ் ஓனர் அக்கிரமத்தை ஒழிக்கலாம்னேன். "எங்களுக்கு நல்ல ஹவுஸ் ஓனர் அமைஞ்சிருக்காங்க சார், நீங்க வேணா ஆரம்பிங்க"ன்னு கதவைச் சாத்திட்டாரு. அடிமைப் புத்தி. சங்கம் ஆரம்பிச்சேன், தலைவர் நான்தான், உறுப்பினர் தேடிக்கிட்டு இருக்கேன். உங்க பேரையும் போட்டுக்கட்டுமா?

தண்டனைங்களைப் பத்தி நான் நிறைய யோசிச்சிருக்கேன் சார். மொட்டைமாடியில வேற என்ன வேலை? தண்ணியை நிறுத்துற ஹவுஸ் ஓனரைத் தெருக்குழாய் வரிசையில குடத்தோட நிறுத்தணும், முறை வந்ததும் குழாயை மூடிடணும். கேட்டைப் பூட்டுறவனை அவன் கேட்டுக்கு வெளியவே நிறுத்தணும், வாடகைக்காரர் சீரியல் பாத்து முடிச்சு எழுந்து வர்ற வரைக்கும். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்காதவனுக்குப் பென்ஷனை அதே மாதிரி அடுத்த வாரம், அடுத்த வாரம்னு இழுக்கணும். போன வாய்தாவுல இதையெல்லாம் ஆபீசரம்மாகிட்ட விளக்கமாச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "நல்லாயிருக்கு, வெளிய உக்காருங்க"ன்னாங்க.

ஆனா இன்னிக்கு மனுவுல நான் கேட்டிருக்கிறது அதெல்லாம் இல்ல. உங்ககிட்ட மட்டும் சொல்றேன், கிட்ட வாங்க. அபராதம் வேண்டாம்னு எழுதியிருக்கேன். சட்டத்தை மீறின மேற்படி ஹவுஸ் ஓனர், மேற்படி மாடிப் போர்ஷன்ல, மேற்படி வாடகைக்காரரோட, இந்தக் கோடை முழுக்கக் குடியிருக்கணும்னு உத்தரவு போடணும். அதுதான் நான் கேக்கிற தண்டனை.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? தண்டனைதானே? கத்திரி வெயில்ல ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழ இருக்கிறது தண்டனை இல்லாம விருந்தா?

அதில்ல சார். ஒரு நாள் சாயங்காலம் மொட்டைமாடியில துணி எடுக்கப் போனேன். கீழேர்ந்து ஒரு சிரிப்புச் சத்தம். பொம்பளைச் சிரிப்பு, அடக்க முடியாம வர்ற சிரிப்பு. ஸ்டெல்லா குரல் இல்ல, பொண்ணுங்க குரலும் இல்ல. யாருடா இது, புதுசா விருந்தாளியான்னு கைப்பிடிச்சுவர்ல எட்டிப் பாத்தா, இவ சார். முருங்கைக்கீரை உருவிக்கிட்டு, ஸ்டெல்லா ஏதோ சொல்ல, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. இத்தனை வருஷம் கூட இருந்திருக்கேன், எனக்கு அந்தச் சத்தம் தெரியல. துணியை எடுக்காமலே உள்ள வந்துட்டேன்.

அவ இல்லாம முடியல சார். சாயங்காலம் ஒத்தையில குடிக்கிற காப்பி தொண்டையில இறங்க மாட்டேங்குது. இதை மனுவுல எழுத முடியுமா? எந்தச் சட்டத்துல எந்தப் பிரிவுன்னு போடுறது? அதான் தண்டனைன்னு எழுதினேன். மாடிக்கு வந்துட்டாப் போதும், சிரிக்க வைக்க நானும் ஏதாவது யோசிச்சுக்குவேன்.

இருங்க, என் பேரைக் கூப்பிடுறாங்க. பாத்தீங்களா, ஹவுஸ் ஓனர் பேரைத்தான் முதல்ல கூப்பிடுறாங்க! என் பையைப் பாத்துக்கோங்க சார், வந்துடறேன்.

* * *

கொஞ்சம் தண்ணி இருக்கா சார்? கொடுங்க. இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்.

ஜெயிச்சுட்டேன் சார். ஆமா, ஜெயிச்சுட்டேன். "தண்ணியை நிறுத்தினீங்களாம்மா"ன்னு கேட்டாங்க. "ஆமா மேடம், அவர் எழுதின ஷரத்துப்படிதான்"னா. "அந்த ஷரத்து செல்லாது, எந்த ஒப்பந்தத்துல எழுதியிருந்தாலும் தண்ணியை நிறுத்தக் கூடாது"ன்னாங்க. எனக்குக் கையைத் தட்டணும் போல இருந்துச்சு. இதைத்தானே சார் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்! சட்டம்னா இது சட்டம்.

அப்புறம் கடைசிப் பத்தியைப் படிச்சாங்க. கண்ணாடியைக் கழட்டினாங்க, துடைச்சாங்க, திரும்பவும் படிச்சாங்க. கிளார்க் குனிஞ்சு ஏதோ தேடுற மாதிரி சிரிச்சான். "இப்படியெல்லாம் தண்டனை போடச் சட்டத்துல இடம் கிடையாது ஐயா, அபராதம்தான் போட முடியும்"னாங்க. என் முகத்தைப் பாத்தாங்களோ என்னவோ, அவ பக்கம் திரும்பினாங்க. "சமரசமா முடிக்கலாம்மா. நீங்களா விருப்பப்பட்டு இந்தக் கோடைக்கு மாடியில இவரோட இருக்கேன்னு சொன்னா, அபராதத்தை விட்டுடலாம். யோசிச்சுச் சொல்லுங்க, அபராதம் சின்னத் தொகை இல்ல."

அவ என்னைப் பாத்தா சார். ஆடிக்கு அப்புறம் இப்பத்தான் நேராப் பாக்கிறா. என் சட்டையில ஒரு பட்டன் இல்ல, அதைப் பாத்தா. எனக்கு உயிரே வந்துச்சு. அவ்வளவுதான், இளகிட்டான்னு நினைச்சேன்.

"மாடி ரொம்பச் சூடா"ன்னு கேட்டா. என்கிட்ட! நேரா என்கிட்ட!

"சூடுதான் குழலி. கொஞ்ச நாள்ல பழகிடும்"னேன்.

தலையை ஆட்டினா. அப்புறம் ஆபீசரம்மாகிட்ட திரும்பி, "எனக்குக் கீழ இருக்கிறது பழகிடுச்சு மேடம். அபராதம் எவ்வளவு"ன்னா.

அவங்க சொல்றதுக்குள்ள பர்ஸைத் திறந்துட்டா. அதுல இருந்தது பத்தல. அப்பாடா, கடவுள் இருக்கார்னு நினைச்சேன். திரும்பி, அவளுக்குத் துணையா வந்திருந்த ஸ்டெல்லாவையும் லூர்துசாமியையும் பாத்தா. ஸ்டெல்லா முந்தானை முடிச்சை அவுத்துக் கொடுக்குது, லூர்துசாமி சட்டைப் பையிலேர்ந்து எடுத்துக் கொடுக்கிறாரு. வாடகைக்காரங்ககிட்ட கைமாத்து வாங்கி ஹவுஸ் ஓனர் அபராதம் கட்டுறா சார்! நான், "மேடம், மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன், வீட்டுப் பணம் வீணாப் போகுது"ன்னு எழுந்தேன். "உத்தரவு சொல்லியாச்சு, உக்காருங்க"ன்னுட்டாங்க. கட்டிட்டா. ரசீது வாங்கிட்டா. முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? கல்யாண வீட்டுல தாம்பூலப் பை வாங்கிக்கிட்டு வர்ற மாதிரி.

அபராதம் போட்டா ஹவுஸ் ஓனருக்கு வலிக்கும்னு எந்த மடையன் சார் எழுதி வச்சான்? வலிக்கவே இல்லியே அவளுக்கு. சட்டத்தை மாத்தணும் சார். மாத்தியே ஆகணும்.

நான் அங்கயே நின்னுக்கிட்டு இருந்தேன். எல்லாரும் போயிட்டாங்க. ஆபீசரம்மாவுக்கு என்ன தோணிச்சோ, எழுந்து வந்து உத்தரவை என் கையில கொடுத்து, ரொம்ப அன்பாச் சொன்னாங்க. "ஒண்ணும் கவலைப்படாதீங்க ஐயா. முறையா ஒப்பந்தம் இருக்கு, வாடகை பாக்கி இல்ல, சட்டம் முழுசா உங்க பக்கம். இனிமே உங்களை அந்த மாடியை விட்டு யாராலயும் கீழ இறக்க முடியாது."

சீல் எல்லாம் வச்சுத்தான் சார் கொடுத்திருக்காங்க.